ஏழாவது அடியில் கூப்பிடுவார்கள்

"உனக்கு எந்தக் கேக் பிடிக்கும்?" என்று ஹெல்லெ கேட்டதும் ஜோன் தட்டச்சுவதை நிறுத்தினான்.

டென்மார்க்கில் இருபத்தாறு வருடம் இருந்தவனுக்கு அந்தக் கேள்வியின் பொருள் தெரியாதா? இந்த நாட்டில் யாரையும் திட்டி வேலையை விட்டு அனுப்புவதில்லை. கேக் வெட்டித்தான் அனுப்புவார்கள். வேலை போகிறவன் கையில் காகிதத் தட்டைக் கொடுத்து, சுற்றி நின்று, கிரீம் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் சொல்வார்கள்.

"சும்மாதான் கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை," என்றாள் ஹெல்லெ.

அவள் இக்காஸ்ட் நகரில் ஒரு பழைய பின்னலாடைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் இயங்கும் இணையக் கல்லூரிக்குத் தலைவி. கல்லூரி என்று பெயரே தவிர வகுப்பறை ஒன்றுகூட இல்லை. மாணவர்கள் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து கணினியில் படிப்பார்கள்.

"நம்மிடம் ஐந்து காணொளிச் செயலிகள் இருக்கின்றன, ஜோன். ஐந்துக்கும் தனித்தனிப் பணம். மாதம் முடிவதற்குள் எல்லாம் ஒன்றாக வேண்டும், செலவு பாதியாக வேண்டும். இல்லாவிட்டால் காணொளிப் பிரிவை மூட வேண்டிவரும்."

காணொளிப் பிரிவு என்பது ஜோன். அவனும் அவனுடைய சுழல்நாற்காலியும்.

"கம்பனிகளோடு நீயே விலை பேசிக்கொள்," என்று சொல்லிவிட்டு ஹெல்லெ போய்விட்டாள்.

ஜோன் மெல்ல எழுந்து, ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவினான். விலை பேசு என்கிறாள்! ஜோனைப் பார்த்து!

ஜோனின் தகப்பன் யாழ்ப்பாணச் சந்தையில் அலுமினியப் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பெரியப்பன் புடவைக்கடை. இரண்டு மாமன்மாருக்கும் பாய்க்கடை. பேச்சு வருவதற்கு முன்னமே "கட்டாது" என்று தலையாட்டப் பழகிய பிள்ளை ஜோன். அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து, ஒரு கத்தரிக்காய்க்குக்கூட விலைச்சீட்டு ஒட்டி வைத்திருக்கிற நாட்டில் விட்டால் அவன் என்ன செய்வான்? இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒருமுறைதான் கை நமைச்சல் தீர்ந்தது. பழைய சாமான் சந்தையில் இருபது குரோனர் மேசைவிளக்கு ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் நின்று பேரம் பேசினான். விற்ற கிழவி கடைசியில் கண்ணீர் விட்டு, விளக்கைச் சும்மா கொடுத்து, பஸ்ஸுக்குப் பத்துக் குரோனரும் கொடுத்தாள். அவனை ஏதோ இல்லாதவன் என்று நினைத்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் மனைவி மார்கிரட்டுக்குச் சேதி சொன்னான்.

"அஞ்சு செயலியோ? எதுக்கு அஞ்சு?"

"நேரடி வகுப்புக்கு ஸ்தூவா. வகுப்பைப் பதிவு செய்து வைக்க ஒப்தா. பதிஞ்சதை வெட்டி ஒட்டச் சக்ஸா. கீழ எழுத்துப் போட ரெக்ஸ்ரா. இடையில கேள்வி கேக்க ஸ்போறா."

"ஒரு வீட்டுப் பொம்பிளைப் பிள்ளையளின்ர பேர் மாதிரிக் கிடக்கு."

"பகிடி விடாதை. ஒவ்வொருத்தனுக்கும் நான் கடிதம் போடப்போறன். விலை கட்டாது, பக்கத்துக் கடையில அரை விலைக்குத் தாறான், நான் போறன் எண்டு."

"பிறகு?"

"பிறகென்ன? செருப்பை மாட்டிக்கொண்டு ஏழடி நடக்கவேணும். ஏழாவது அடியில கூப்பிடுவாங்கள். உலகம் முழுக்க அதுதான் வியாபாரம்."

"இஞ்சாருங்கோ, இவங்கள் டேனிஷ்காரர். போறன் எண்டா, போட்டு வா எண்டு கதவைத் திறந்து விடுற சனம்."

"வியாபாரிக்கு ஏது நாடு?" என்றான் ஜோன்.

முதலில் ஸ்தூவா. நல்ல டேனிஷில் எழுதினான்: விலை நெஞ்சை அடைக்கிறது, பக்கத்துக் கடையில் அரை விலைக்குத் தருகிறார்கள், ஆகவே இத்தோடு போகிறோம். கீழே தன் பெயரைப் போடாமல் 'காணொளிப் பிரிவு' என்று கையெழுத்திட்டான். கடைக்குள் ஒரே ஆள்தான் என்று வெளியே தெரியக் கூடாது. அது தகப்பன் பழக்கியது.

ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது.

"அன்புள்ள காணொளிப் பிரிவினருக்கு, உங்கள் முடிவை மதிக்கிறோம். உங்கள் கணக்கு இன்று மூடப்படுகிறது. உங்கள் நாள் வெயிலோடு இருக்கட்டும். வாடிக்கையாளர் சேவை."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஜோன் கைப்பேசியை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தான். ஏழு அடி அல்ல, ஏழு மைல் நடக்கிற நேரம் போனது. யாரும் கூப்பிடவில்லை. நாலு மணிக்கு ஸ்தூவா கணக்கு மூடப்பட்டது.

"பார், சொன்னனானெல்லே," என்றாள் மார்கிரட். "திரும்பிப் போய்க் கேளுங்கோ."

"திரும்பிப் போறதோ! வெளிக்கிட்ட கடைக்குத் திரும்பிப் போனா, பிறகு அவன் சொல்லுறதுதான் விலை. எங்கட பரம்பரையில ஒருத்தரும் திரும்பிப் பாத்ததில்லை. கடைசியில ஒண்டுதானே வேணும்? இன்னும் நாலு கிடக்கு."

அடுத்தது ஒப்தா. பதிவு செய்கிற அந்தச் செயலியிலேயே நேரடி வகுப்பும் நடத்தலாம் என்று கண்டுபிடித்து வகுப்புகளை அதற்கு மாற்றினான். மாற்றின கையோடு கடிதமும் போனது: நேரடி வகுப்பைச் சும்மா தா, மிச்சத்தில் பாதி குறை, இல்லையேல் போகிறோம். இந்தத் தடவை எட்டு நிமிடம்.

"உங்கள் முடிவை மதிக்கிறோம். உங்கள் நாள் வெயிலோடு இருக்கட்டும்."

"என்ன சனமப்பா இது!" என்றான் ஜோன். "நாடு முழுக்க ஒரே வாத்தியாரிட்டைக் கடிதம் எழுதப் படிச்சிருக்கிறாங்கள்."

ஒப்தாவோடு சேர்ந்து போயின பிரேபனின் பன்னிரண்டு வருடப் பாடங்கள். பிரேபன் கணக்கியல் ஆசிரியர். அறுபத்து நாலு வயது. ஓய்வுக்கு ஒரு வருடம். மேற்கு ஜூலண்ட் ஆள். அந்தப் பக்கத்துக்காரர் வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்பது போலப் பேசுவார்கள். அவர் பேசுவது டேனிஷ்காரருக்கே விளங்காது. கீழே எழுத்து ஓடினால்தான் மாணவர்களுக்கு அவர் வரி பற்றிப் பேசுகிறாரா வாத்து வளர்ப்பது பற்றிப் பேசுகிறாரா என்று தெரியும்.

"என் பாடங்கள் எங்கே?" என்று பிரேபன் கேட்டார்.

"பத்திரமாக இருக்கின்றன," என்றான் ஜோன். பதினாலு நாளுக்குள் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒப்தா அனுமதித்திருந்ததால் எல்லாவற்றையும் இறக்கி, மார்கிரட்டின் தங்கை மகள் கல்யாண வீடியோ இருந்த வன்தட்டில் ஏற்றியிருந்தான். கொஞ்சம் நெரிசல். அந்த வாரம் இயந்திரங்களின் பெறுமானத் தேய்வு பற்றிய பாடத்தைத் திறந்த மாணவர்கள் நாற்பது நிமிடம் மணமகன் ஊர்வலம் பார்த்தார்கள். ஒரு மாணவி, தேய்வு எந்த இடத்தில் வருகிறது என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தாள்.

மூன்றாவது வாரம், நேரடி வகுப்புகளை ஸ்போறாவின் கேள்விப் பக்கத்தில் ஒருவழியாக நடத்திக்கொண்டே, சக்ஸாவுக்கு எழுதினான். ஏழு நிமிடம். முடிவை மதித்தார்கள். வெட்டுகிற வேலை நின்றதால் பிரேபனின் இருமல், மூக்குச் சீறல், அவருடைய நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் எல்லாம் முழுதாக மாணவர்களுக்குப் போனது.

ரெக்ஸ்ரா ஆறு நிமிடத்தில் மதித்தது. அன்றிலிருந்து பிரேபன் பேசப்பேச ஜோனே உட்கார்ந்து கீழே எழுத்தடித்தான். அவனுக்கும் பாதிதான் விளங்கியது. விளங்காத இடங்களில் 'இது முக்கியம்' என்று அடித்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்த இடங்களையெல்லாம் மனப்பாடம் செய்ய முயன்று திணறினார்கள்.

மிஞ்சியது ஸ்போறா ஒன்று. மார்கிரட் கும்பிட்டுக் கேட்டாள்.

"அதையாவது விட்டு வையுங்கோ. கேட்ட விலையைக் குடுத்திட்டு ஒண்டெண்டு ஹெல்லெயிட்டைச் சொல்லுங்கோ."

"முழு விலைக்கோ? அப்ப செலவு எப்பிடிப் பாதியாகும்? கடைசிக் கடைக்காரனுக்குத்தான் பயம் கூட. இவன் கட்டாயம் கூப்பிடுவான்."

ஐந்து நிமிடம். உங்கள் நாள் வெயிலோடு இருக்கட்டும்.

இப்போது கல்லூரியிடம் காணொளிச் செயலி என்று ஒன்றுமே இல்லை. செலவு பாதியாகவில்லை, முழுதாகவே ஒழிந்தது. அந்த நேரம் பார்த்து ஹெல்லெ கதவில் தலையை நீட்டினாள்.

"வியாழன் மாலை ஆறு மணிக்குப் பிரேபனின் பரீட்சைக்கு முந்தைய வகுப்பில் நானும் வந்து இருக்கிறேன், ஜோன். அறுபத்திரண்டு மாணவர்கள். புதிய ஏற்பாட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது." போகிற போக்கில் திரும்பி, "பாதாம் சேர்த்தால் உனக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்றாள்.

வியாழன் பிற்பகல் ஜோன் வீட்டுச் சோபாவில் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

"எழும்புங்கோ," என்றாள் மார்கிரட். "எங்கட தேவாலயச் சபையின்ர காணொளிக் கணக்கு இருக்கெல்லே? ஞாயிறு ஆராதனைக்குப் பாவிக்கிறது. கடவுச்சொல் என்னட்டைத்தான் கிடக்கு. நூற்றைம்பது பேர் வரலாம்."

ஜோன் ஒரு கண்ணைத் திறந்தான். "இண்டைக்கு வியாழன். ஜெபக்கூட்டம் இருக்கே?"

"அது ஏழுக்கு. எங்கட சனம் ஏழரைக்கு முதல் எப்ப வந்தது? நீங்கள் ஏழுக்கு முடியுங்கோ."

அது நியாயமாகத்தான் பட்டது. மார்கிரட் ஆனால் அதோடு நிற்கவில்லை. புருசன் வேலை போகிற கவலையில், சபையின் கைப்பேசிக் குழுவில் ஒரு செய்தியும் போட்டாள்: ஒரு சகோதரனின் வேலை ஆபத்தில் இருக்கிறது, இன்று அவசர ஜெபம், எல்லாரும் முந்தி வாருங்கள்.

ஆறு மணிக்கு வகுப்பு தொடங்கியது. பிரேபனின் பின்னால் வெள்ளைப் புறா ஒன்று இறக்கை விரித்திருந்தது. சபைக் கணக்கோடு வந்த அந்தப் படத்தை அகற்ற வழி தெரியவில்லை. கீழே 'விசேட ஜெபக்கூட்டம்' என்று தமிழில் எழுத்து ஓடியது. டேனிஷ் மாணவர்கள் அதைப் புது வகை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அழகாக இருக்கிறது," என்று ஹெல்லெ எழுதியனுப்பினாள். ஜோன் நெற்றியைத் துடைத்தான்.

ஆறேகாலுக்குத் திரையில் ஒரு புதுச் சதுரம் முளைத்தது. ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து, ஜெபக்கூட்டம் நடத்துகிற பற்றிமா அன்ரி. தலையில் முக்காடு, கையில் வேதப்புத்தகம். அடுத்து இன்னொரு சதுரம். பிறகு நாலு. பிறகு ஒரேயடியாகப் பதினைந்து. ஜோனின் வாழ்நாளில் முதல்முறையாக அவனுடைய சனம் நேரத்துக்கு முந்தி வந்தது.

அவன் ஆட்களை வெளியேற்றுகிற பொத்தானைத் தேடித் தவறுதலாக வேறொன்றை அழுத்தினான். எல்லாருடைய ஒலியும் திறந்துகொண்டது.

பிரேபன் கவனிக்கவில்லை. அவர், வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கட்டுகிற பெறுமதி சேர்க்கப்பட்ட வரியில் ஆழ்ந்திருந்தார். "இந்தப் பணம் உன்னுடையது அல்ல," என்று வாயைத் திறக்காமல் சொன்னார். "உன் கையில் சிறிது காலம் இருக்கிறது. அவ்வளவுதான். உரியவருக்கு உரிய நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்."

"ஆமென்!" என்றார் பற்றிமா அன்ரி. முப்பது வருடம் ஹொல்ஸ்டெப்ரோ முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். மேற்கு ஜூலண்ட் கிழவர்களின் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்டபாடு.

"ஆமென்!" என்றது மிச்சச் சபை.

பிரேபன் நிமிர்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் பாடத்துக்கு இடையில் மனிதக் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மறைத்து வைத்தால், ஒரு நாள் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும்," என்றார், கொஞ்சம் வாயைத் திறந்து.

"அல்லேலூயா!"

மாணவர்களுக்கு விளங்கிவிட்டது: சரியான விடைக்குக் குரல் வருகிற புதுக் கேள்விச் செயலி இது. ஒரு மாணவன் துணிந்து கேட்டான்: "காப்பி வாங்கிய பற்றுச்சீட்டு தொலைந்தால் வரியைத் திருப்பிக் கேட்கலாமா?" சபை மௌனமாக இருந்தது. "கேட்க முடியாது போலிருக்கிறது," என்று அவனே குறித்துக்கொண்டான்.

பிரேபன் எழுந்து நின்று கற்பிக்கத் தொடங்கினார். கைகளை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. ஏழு மணிக்கு முடித்தபோது அறுபத்திரண்டு மாணவரும் முப்பத்தெட்டுச் சபையாரும் கைதட்டினார்கள்.

"மோசமில்லை," என்று பிரேபன் கண்ணைத் துடைத்தார். மேற்கு ஜூலண்டில் அந்தச் சொல்லுக்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கலியாண வீட்டில் மணமகளைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார்கள்.

வகுப்பு முடிந்தது என்று நினைத்துப் பற்றிமா அன்ரி தன் கூட்டத்தைத் தொடங்கிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வேண்டுதல்களை அடுக்கினார்.

"ஆண்டவரே, வேலை ஆபத்தில இருக்கிற சகோதரனைக் காப்பாத்தும். என்ர முழங்காலைத் தொடும். பிரெடெரிசியாவில இருக்கிற தங்கச்சி மரினாவை விட்டுப்போன வாடிக்கையாளர் திரும்பி வரோணும்..."

"ஜோன்," என்று ஹெல்லெயின் சதுரம் பேசியது. அன்ரி ஒரு கண்ணைத் திறந்தார். "வகுப்பு அருமை. ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். இது நம் ஐந்தில் எது?"

நூறு முகங்கள் ஜோனைப் பார்த்தன. அதில் ஒன்று மார்கிரட். அடுப்படியில் இருந்து கைப்பேசியில் சேர்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு பொய் வரவில்லை.

"ஐந்தில் எதுவும் இல்லை, ஹெல்லெ. இது எங்கள் சபையினுடையது. இரவல்."

"அப்படியானால் ஸ்தூவா?"

"மூடிவிட்டேன்."

"ஒப்தா? சக்ஸா?"

"மூடிவிட்டேன். ரெக்ஸ்ராவும். ஸ்போறாவும். விலையைக் குறைப்பதற்காகப் போவதாகச் சொன்னேன். அவர்கள் போகவிட்டு விட்டார்கள்."

ஹெல்லெ பிரேத வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "திங்கட்கிழமை தொடக்கம் பரீட்சை. சபையின் இரவலில் ஒரு கல்லூரியை நடத்த முடியாது, ஜோன். நாளை பத்து மணிக்கு என் அறைக்கு வா. கேக்கை நான் வாங்கி வருகிறேன்."

டேனிஷ் விளங்கிய சபையார் எல்லாரும் ஒருமிக்கப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நேரத்தில்தான் கீழ் வரிசையில் இருந்த ஒரு சதுரம் அசைந்தது. கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண். பின்னால் அலுவலக அலுமாரி.

"அண்ணை, நான் மரினா கதைக்கிறன், பிரெடெரிசியாவில இருந்து. அந்தக் 'காணொளிப் பிரிவு' நீங்களோ?"

"ஓம் தங்கச்சி. அந்தப் பாவி நான்தான்."

"அந்த வாடிக்கையாளர் சேவை நான்தான். எனக்கு முதல் கடிதத்திலயே சந்தேகம். 'பக்கத்துக் கடையில அரை விலை' எண்டு எந்த டேனிஷ்காரன் எழுதுவான்? இது எங்கட ஆள்தான், விட்டுப் பிடிப்பம் எண்டு நினைச்சன். எங்கட அப்பாவும் சந்தையில கடை வச்சிருந்தவர் அண்ணை. ஏழடி நடந்து முடிச்சு ஒருக்காத் திரும்பிப் பாப்பாங்கள், பாத்த பிறகுதான் கூப்பிடோணும், முந்திக் கூப்பிட்டா மதிப்பில்லை எண்டு சொல்லித் தந்தவர்."

ஜோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ எந்தக் கடை, தங்கச்சி? ஸ்தூவாவோ, ஸ்போறாவோ?"

மரினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அஞ்சும் ஒரே கடைதான் அண்ணை, எங்கட கொம்பனி போன வருசமே எல்லாத்தையும் வாங்கிட்டுது, அஞ்சையும் ஒண்டாக் கட்டி அரை விலை எண்டு எழுதி வச்சுக்கொண்டு ஒரு மாதமா வாசல்லயே நிக்கிறன், நீங்கள் ஏன் அண்ணை ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை?"